மணியை விட்டுவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. சொந்த ஊர் கும்பகோணம். கணவருடன் சிங்கப்பூருக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. 2021 மே மாதம் என் அம்மா கொரோனாவில் இறந்தபோது, இந்தியாவுக்குப் போனால் உடனே திரும்பி வர முடியாது என்ற நிலை இருந்ததால், இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காப்பகத்திலிருந்து நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். அம்மா வீட்டு நாயின் பெயரான மணி என்பதையே அவனுக்கும் வைத்தேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் கொண்டோமினியத்தில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) நாய் வளர்க்கத் தடையில்லை. ஆனால் பொது இடங்களில் நாயின் கால் தரையில் படக்கூடாது, சரக்கு மின்தூக்கியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. 17 கிலோ எடையுள்ள மணியைத் தினமும் இருமுறை பன்னிரண்டாம் மாடியிலிருந்து வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வருகிறேன். அது எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை.

இவ்வாண்டு தொடக்கத்திலிருந்து அலுவலகத்துக்கு வாரம் நான்கு நாள் போக வேண்டியுள்ளது. நான் கிளம்பியதும் அவன் குரைத்து ஊளையிடுகிறான் என்று பக்கத்து வீட்டார் புகார் செய்ய, நிர்வாகத்திடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறார் வீட்டு உரிமையாளர். இன்னும் இரண்டே மாதம் இருக்கிறது. வாடகையும் கட்டுப்படியாகவில்லை, மணியைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர். மணியின் தோள் உயரம் 58 சென்டிமீட்டர் என்பதால் வீவக வீட்டில் அனுமதி கிடைக்காது. வீட்டு முகவரோ, இரவில் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள், யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள் என்கிறார்.

போன வாரம் காவலாளி எல்லார் முன்னிலையிலும் புகாரைச் சொன்னார். வீட்டுக்குள் வந்ததும் மணியை அடித்துவிட்டேன். அவன் அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவனை வைத்துக்கொள்ளும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாக நீங்கள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் தூக்கத்தைப் பறித்திருப்பது அதுதான். நீங்கள் அடித்தது தவறு. அது உங்களுக்கே தெரிந்திருப்பதால் நான் அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாதக்கணக்கில் மின்தூக்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் யார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, வீட்டிலும் துணையின்றித் தவித்த ஒருவரின் கை அன்று ஓங்கியது என்பதையும் நான் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிடத்தை வைத்து உங்கள் தகுதியை முடிவு செய்யாதீர்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவனை இழுக்காமல், தரையில் அமர்ந்து, அவனாக வரும்வரை காத்திருங்கள்.

மணி குரைப்பது அடங்காமை அன்று. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் வந்தவனுக்கு நீங்கள் இல்லாத வீடு பழக்கமில்லை. பிரிவுப் பதற்றம் என்று சொல்லப்படும் நிலை இதுவாக இருக்கலாம். இதில் குரைப்பும் கதவைப் பிறாண்டுவதும் பெரும்பாலும் ஆள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். எனவே மூன்று நாள் ஒரு பழைய கைப்பேசியை வீட்டில் வைத்து ஒளிப்பதிவு செய்து, அதை விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நிமிடம் வெளியே நின்றுவிட்டு அவன் பதறுவதற்குள் திரும்புவது, பிறகு மூன்று நிமிடம், பிறகு ஐந்து என்று நீட்டிக்கொண்டே போகும் பயிற்சிக்குப் பல வாரங்கள் ஆகும். தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார். குரைத்தால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை யாராவது பரிந்துரைத்தால் வாங்காதீர்கள், அது பயத்தின் மேல் பயத்தை ஏற்றும். பயிற்சி நடக்கும் வாரங்களில் அவன் தனியே இருக்காதபடி, பகல்நேரக் காப்பகம், கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் என்று எதையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முகவர் சொன்ன யோசனையை ஏற்காதீர்கள். வீவக வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இல்லாத கலப்பின நாய்களுக்காக 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தில்கூட, கருத்தடையும் பயிற்சியும் தவிர, தோள் உயரம் 55 சென்டிமீட்டருக்கு மேற்படக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அனுமதியில்லாத நாயை வைத்திருந்தால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குக் கவலையாக இருப்பது உங்கள் மனம். அனுமதியுள்ள வீட்டிலேயே குற்றவாளியைப் போல நடமாடுகிறவர், உண்மையிலேயே ஒளித்து வைக்கும் வீட்டில் எப்படி உறங்குவீர்கள்? பதற்றமுள்ள ஒரு நாயை இருட்டியபின் மட்டும் வெளியே கூட்டிப் போவது அவனுக்கும் நல்லதன்று.

ஆகவே தனியார் வீடுகளில்தான் தேட வேண்டும். மின்தூக்கி இல்லாத பழைய நான்கு மாடி அடுக்குமாடி வீடுகள், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் வீடுகள் ஆகியவற்றில் வாடகை சற்றுக் குறைவாகவும் கெடுபிடி தளர்வாகவும் இருப்பதுண்டு. எங்கே போனாலும் உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பாமல், நாய் இருப்பதையும் காலி செய்யும்போது வீட்டை யார் சுத்தம் செய்து தருவது என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நிர்வாகத்தின் துணைவிதிகளையும் கேட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது எல்லாக் கட்டடங்களிலும் உள்ள விதியன்று.

இப்போது இருக்கும் இடத்திலும் உங்கள் நிலை நீங்கள் அஞ்சும் அளவுக்கு மோசமில்லை. மற்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடிய விலங்கை வளர்க்கக்கூடாது என்பது இங்குள்ள அடுக்குமாடிகளுக்குப் பொதுவான துணைவிதி. புகார் தொல்லையைப் பற்றியது. மணி அங்கே இருப்பதைப் பற்றியதன்று. மருத்துவரைப் பார்த்திருப்பதையும் பயிற்சி தொடங்கியிருப்பதையும் நிர்வாகத்துக்கும் உரிமையாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பக்கத்து வீட்டாரை நேரில் பார்த்து, எந்த நேரத்தில் சத்தம் அதிகம் என்று கேளுங்கள். அவர்கள் வீட்டில் கைக்குழந்தையோ இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவரோ இருக்கலாம். நேரில் பேச முடியாவிட்டால், 1998 முதல் இயங்கிவரும் சமூக சமரச நிலையத்தை நாடலாம்.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் அவர் மணியை விரட்ட நினைப்பவராகத் தெரிகிறார்; வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதை நீங்கள் ஒரே சொற்றொடரில் கடந்துவிட்டீர்கள். மாதம் எவ்வளவுவரை தாங்கும் என்று அவரிடம் கேட்டு, அந்தத் தொகையை வைத்து இருவரும் சேர்ந்து வீடு தேடுங்கள். அம்மாவின் மறைவைப் பற்றி நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசியிருக்கிறீர்களா? கைப்பேசியில் பார்த்த சடங்கோடு அடக்கி வைத்த அழுகை முழுவதையும் மணியின் மீது ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவனை விட்டுவிடலாம் என்று கணவர் சொல்லும்போது, அம்மாவை இரண்டாம் முறை இழக்கச் சொல்வதாக உங்களுக்குக் கேட்கிறது. அவருக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வீடு அமையாவிட்டால், தத்துக் கொடுத்த காப்பகத்திடமே சொல்லி, அவனுக்குப் பொருந்தும் வீடு கிடைக்கும்வரை உடனிருந்து ஒப்படையுங்கள். அது துரோகமாகாது. ஆனால் அந்த இடத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை, இரண்டு மாதம் கையில் இருக்கிறது. ஒளிப்பதிவை நாளையே தொடங்குங்கள். மருத்துவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.