இடுப்பில் கைத்துப்பாக்கியோடு விடியற்காலை ஓட்டம்: டெக்சஸ் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடப் போவேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கார் மெதுவாக என் பின்னாலேயே வந்தது. அன்றிலிருந்து மனைவிக்குப் பயம். டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சின்னதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, வெளியே தெரியாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடலாமா? எந்த மாதிரி பெல்ட் பாதுகாப்பானது? எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனர் எங்களோடுதான் தங்கியிருக்கிறார். சில நாள் அவரும் ஓடுவார். அவர் எடுத்துப் போகலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் மைத்துனர் அந்தத் துப்பாக்கியைத் தொடவே கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று தற்காலிக விசாவில் வந்த யாரும் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டத்தின் 922-ஆம் பிரிவின்படி குற்றம். டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை. தெரிந்தே அவர் கையில் கொடுத்த உங்களுக்கும் அதே 15 ஆண்டுதான். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதால் அவர் நிலை மாறிவிடாது.

‘வேட்டை லைசென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்’ என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அவர் குற்றவாளி. ஒரு காகிதத்தை நம்பி வாழ்க்கையைப் பணயம் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டில் துப்பாக்கி இருக்கும் பெட்டியின் பூட்டைத் திறக்கும் எண் கூட அவருக்குத் தெரிய வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் விஷயம். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போக டெக்சஸ் அனுமதிக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது இந்த அளவுக்குச் சரி.

ஆனால் குடியுரிமை உள்ள உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. துப்பாக்கி தொடர்பான சட்டமீறலில் தண்டனை பெற்றால், அது சின்னக் குற்றமாகவே இருந்தாலும், கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்த அது தனிக் காரணமாகலாம். அவருக்கு அபராதத்தோடு முடிவது உங்களுக்குச் சென்னை விமானத்தில் முடியலாம். ‘எப்படியாவது கேஸை முடித்தால் போதும்’ என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிறகு குடியேற்ற நீதிமன்றத்தில் தவிப்பவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, நீங்கள் ஓடும் பாதை. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 300 மீட்டருக்குள், துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. தனியார் நிலத்துக்கு விலக்கு உண்டு. நடைபாதைக்கும் தெருவுக்கும் இல்லை. மாநிலம் சரிபார்த்து லைசென்ஸ் கொடுத்தவருக்கும் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் போகலாம் என்ற டெக்சஸின் அனுமதி, லைசென்ஸ் ஆகாது. பிளேனோ மாதிரி ஊரில் நாலு தெரு தாண்டினால் ஒரு பள்ளி வரும். ஃபோனில் மேப்பைத் திறந்து, நீங்கள் ஓடும் வழியில் உள்ள ஒவ்வொரு பள்ளியையும் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் போகாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட முடிகிறதா?

அதனால், கட்டாயம் இல்லாவிட்டாலும் டெக்சஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையில் 40 டாலர் கட்டணம், கைரேகை, நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, 50 குண்டு சுட்டுக் காட்டும் தேர்வு, அவ்வளவுதான். லைசென்ஸ் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள் போகக் கூடாது. ஓட்டம் முடிந்து ஜிம்முக்குப் போகும் பழக்கம் இருந்தால் வாசல் பலகையைப் படியுங்கள். மறைத்து எடுத்து வருவதற்குத் தடை என்று 30.06 எண்ணோடு பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைத்துப்பாக்கி வெளியே தெரியும்படி இருந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். முழுக்க மறைந்திருந்தால் ஹோல்ஸ்டர் கட்டாயமில்லை. ஆனால் ஓடும்போது பனியன் மேலே ஏறும், குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது முதுகுப் பக்கம் தெரியும். எனவே எப்போதும் ஹோல்ஸ்டரிலேயே வையுங்கள். ஷார்ட்ஸ் எலாஸ்டிக்கில் செருகுவதும், சாவியும் ஃபோனும் கிடக்கும் பையில் போடுவதும் வேண்டவே வேண்டாம்; சாவி ட்ரிக்கரில் மாட்டினால் போதும். ட்ரிக்கரை முழுவதும் மூடும் கெட்டியான உறை, வயிற்றோடு இறுக்கிப் பிடிக்கும் அகலமான பட்டை, இந்த இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் குண்டில்லாமல் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குதித்து, குனிந்து பாருங்கள். தவறிக் கீழே விழுந்தால் பாய்ந்து பிடிக்காதீர்கள், விழட்டும். பிடிக்கப் போகும் விரல்தான் ட்ரிக்கரை இழுக்கும்.

லைசென்ஸ் கார்டைத் துப்பாக்கியோடு ஒரே பையில் வைக்காதீர்கள். போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த இருட்டில், அதிகாரியின் முன்னால், உங்கள் கை துப்பாக்கி இருக்கும் பையை நோக்கிப் போகக் கூடாது. கார்டு புஜத்தில் கட்டும் ஃபோன் பட்டையில் இருக்கட்டும். இரண்டு கையும் தெரிய நின்று, துப்பாக்கி எங்கே இருக்கிறது, கார்டு எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். அவர் சொன்ன பிறகு எடுங்கள்.

அப்புறம் அந்தக் கார். அன்று உங்களிடம் துப்பாக்கி இருந்து, பனியனைத் தூக்கிக் காட்டியிருந்தால்? பின்னால் மெதுவாக வருவது மட்டும் உயிருக்கு ஆபத்து ஆகாது. பொது இடத்தில் மிரட்டும்படி துப்பாக்கியைக் காட்டுவது 180 நாள் வரை சிறைக்குரிய குற்றம். ஓட்டுநரை நோக்கி நீட்டினால் இரண்டிலிருந்து 20 ஆண்டு வரை போகும் வழக்காகிவிடும். அவர் வீட்டு எண் தேடிக்கொண்டிருந்தவராகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கார் வரும் திசைக்கு எதிராகத் திரும்பி ஓடுங்கள், வெளிச்சமுள்ள இடத்துக்குப் போய் 911-ஐக் கூப்பிடுங்கள். தெருநாய்க்காகச் சுடும் எண்ணமும் வேண்டாம். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்துக்குள் பொறுப்பில்லாமல் சுடுவதே தனிக் குற்றம். பிளேனோ அதைவிடப் பெரிய ஊர்.

உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால், ஓடி வந்து வியர்வையோடு பட்டையைக் கழற்றி ஷூ ஸ்டாண்ட் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போகும் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பயம். அப்படிப் பூட்டாமல் விட்ட, குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் வழக்கு உங்கள் மேல் வரும். முதலில் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், பிறகு தண்ணீர் குடியுங்கள்.

விடுமுறைக்கு நியூ ஜெர்சியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஓடத்தான் செய்வீர்கள். துப்பாக்கி டெக்சஸிலேயே பூட்டில் இருக்கட்டும். டெக்சஸ் லைசென்ஸை நியூ ஜெர்சி ஏற்பதில்லை. அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அங்கே ஐந்திலிருந்து பத்து ஆண்டு.

மைத்துனருக்கும் பாதுகாப்பு வேண்டும்தான். கடையில் விற்கும் சின்ன பெப்பர் ஸ்ப்ரே டெக்சஸில் சட்டப்படி சரி. அது துப்பாக்கி இல்லை என்பதால் அவர் விசாவும் தடையில்லை. பிரதிபலிக்கும் மேலங்கி, ஒரு விசில், முடிந்தால் நீங்கள் இருவரும் சேர்ந்தே ஓடுவது. நீங்களும் லைசென்ஸ் கைக்கு வரும்வரை அதே ஸ்ப்ரேயோடு போங்கள்.