வாக்குரிமையும் வழக்குகளும்: மலையக வாசகர்களின் கேள்விகள், ஹட்டன் சட்டத்தரணி ஒருவரின் பதில்கள்

பொகவந்தலாவை வாசகர்: அண்ணே, இந்தியாவிலிருந்து வந்த பரம்பரையான நம்ம தோட்ட ஆட்களின் ஓட்டு பறிபோனபோது யாருமே கோர்ட்டுக்குப் போகவில்லையா?

போனார்கள். வழக்கு கேகாலைப் பக்கம் ருவன்வெல்லையில் தொடங்கியது. பிரஜைகளுக்கு மட்டும்தான் ஓட்டு என்றது 1949 தேர்தல் திருத்தச் சட்டம். 1948 சட்டப்படி பிரஜையாக இங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும். தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கும் லயத்துக்காரன் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே நின்றார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்றதே அன்றைய அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, அதுதான் அவருடைய பிடி. உயர் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. 1953இல், அன்றைக்கு நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது.

அதே வாசகர்: என்ன காரணம் சொன்னார்கள்?

சட்டத்தின் வாசகத்தைத்தான் பார்ப்போம், நடைமுறையில் யார் பாதிக்கப்பட்டார்கள் என்பதைப் பார்க்க மாட்டோம் என்றது இங்குள்ள நீதிமன்றம். யார் பிரஜை என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உரிய வேலை என்றது லண்டன். எனக்கு இன்றைக்கும் ஆறாத தீர்ப்பு இது. பேரைச் சொல்லாமல் கதவைச் சாத்தினாலும், வெளியே நின்றது யார் என்று எட்டிப் பார்த்திருக்கலாம்.

பண்டாரவளை மாணவி: அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதே கதைதானா, சேர்?

கிட்டத்தட்ட, தங்கச்சி. அலபாமாவின் மொபைல் நகரத் தேர்தல் முறை பற்றிய வழக்கில், பாகுபாடு காட்டும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்று 1980இல் தீர்ப்பு வந்தது. விளைவைக் காட்டினாலே போதும் என்று 1982இல் அவர்களின் நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தியது. நமக்கு அப்படித் திருத்த ஆளில்லை.

நாவலப்பிட்டி வாசகர்: அப்போ நீதிமன்றத்தால் நமக்கு எந்த நன்மையும் இல்லையா?

இருக்கிறது, நமக்கென்று தனியாக அல்ல. 1998இல் மத்திய, ஊவா, சப்ரகமுவ உட்பட ஐந்து மாகாணங்களின் சபைத் தேர்தலை அவசரகால விதியைக் காட்டி நிறுத்தினார்கள். வாக்களிப்பதும் கருத்துச் சுதந்திரம்தான், தேர்தலை நடத்துங்கள் என்று 1999இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பிரஜாவுரிமை கோர்ட்டில் கிடைத்ததல்ல. இலங்கை, இந்தியப் பிரதமர்களின் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பாதிப் பேருக்கு மேல் இந்தியாவுக்கு என்று எழுதியது. எஞ்சியவர்களுக்கு 1988, 2003 சட்டங்கள் வரை காத்திருப்பு.

லிந்துலை வாசகி: அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதம், இடாப்பில் வேறு விதம். பரவாயில்லையா?

விட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பாயி பிரஜாவுரிமைத் துண்டைப் பிஸ்கட் டின்னில், பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார். அதில் அவர் ‘முத்தம்மா’, பதிவுக்காரர் எழுதிய இன்னொரு தாளில் ‘முத்துமா’. அந்த எழுத்துப் பிழைக்காக இரண்டு நாள் சம்பளத்தை இழந்து அலைந்தார். இடாப்பைப் பார்வைக்கு வைக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பாருங்கள், பிழையை எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.