பன்லன்கென் பொடியைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

சகோதரி, 3 வயது மகனின் வைரஸ் காய்ச்சலுக்குப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கொடுத்த பன்லன்கென் பொடியைத் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது நீலச் சாயம் எடுக்கும் ஒரு செடியின் வேர். 2003-இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றுநோய்ப் பீதியில் சீனாவின் குவாங்டோங் மாகாண மக்கள் இதைக் கடை கடையாய் வாங்கிக் குவித்தார்கள். ஆனால் குழந்தைகளின் காய்ச்சலை அது குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பொடியில் பெரும்பாலும் சர்க்கரைதான். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

அப்புறம், பாக்கெட்டில் உள்ளதை அந்த அம்மாவையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மாஹுவாங் என்ற சீன மூலிகை கலந்திருந்தால் தொடவே வேண்டாம். அதிலுள்ள எபெட்ரின் என்ற வேதிப்பொருள் இதயத் துடிப்பை ஏற்றிவிடும். சுவான்சின்லியான் என்று போட்டிருந்தால், அது நம் நிலவேம்பேதான்.

தண்ணீர், கஞ்சி அடிக்கடி கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.