கேமுக்குள் நாம் கட்டுவதற்குக் காசு கிடைக்குமா?

"தக்கலையில் பிளஸ் டூ படிக்கும் என் மகன், மாத்தூர் தொட்டிப்பாலத்தை வைத்து ராப்ளாக்ஸில் ஒரு கேம் செய்கிறான். கம்பெனி இதற்குக் காசு தருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராப்ளாக்ஸ் என்பது யாரும் கேம் செய்து மற்றவர்களை விளையாட விடக்கூடிய ஆன்லைன் தளம். அந்தக் கம்பெனி காசு தரும். ஆனால் கட்டிய உழைப்புக்கு அல்ல. பெரும்பாலும், விளையாட வருகிறவர்கள் அதற்குள் செலவழிப்பதில் ஒரு பங்குதான். பாலத்தின் 28 தூண்களையும் தாவிக் கடக்க வேண்டிய ஆட்டம் என்று வையுங்கள். கீழே 115 அடி பள்ளம். விழுந்தவர் அதே தூணிலிருந்து தொடர 10 ரோபக்ஸ் (ராப்ளாக்ஸுக்குள் செல்லும் காசு) என்று விலை வைத்தால், 7 பையனுக்கு, 3 கம்பெனிக்கு. அதைப் பணமாக மாற்ற, சம்பாதித்த ரோபக்ஸ் குறைந்தது 30,000 சேர வேண்டும். வயதும் 13 ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அந்த 30,000-ஐ எட்டுவதே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஃபோர்ட்நைட் என்ற கேம் வேறு மாதிரி. அதற்குள் ஆட்கள் கட்டும் ஆட்டங்களுக்குத் தீவு என்று பெயர். 2023 மார்ச்சிலிருந்து, கேமுக்குள் இருக்கும் கடையின் வருமானத்தில் 40 சதவீதத்தை ஒதுக்கி, எந்தத் தீவில் ஆட்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு விளையாடுகிறார்கள் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளிடம் எதையாவது விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி இதில் குறைவு. அதனால் இதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் 18 வயது ஆக வேண்டும்.

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2015-இல், ஸ்கைரிம் என்ற கேமின் மாட்களுக்கு (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்களுக்கு) விலை வைத்தார்கள். செய்தவருக்கு 25 சதவீதம்தான். எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சரி, இப்போதைக்கு அவனுடைய கூட்டுக்காரர்கள் நாலு பேரை விளையாட விடுங்கள். எந்தத் தூணில் சலித்து வெளியேறுகிறார்கள் என்று அவன் பார்க்கட்டும். விளம்பரத்துக்கென்று கைக்காசில் ரோபக்ஸ் வாங்கிப் போட வேண்டாம். வாங்கிய ரோபக்ஸைத் திரும்பப் பணமாக்க முடியாது.