மரத்துப்போகும் கையை மறைக்காதீர்கள், தம்பி

கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது, நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, உதறினால்தான் சரியாகிறது, சூப்பர்வைசரிடம் சொன்னால் வேலை போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நானும் இதே வேலைதான் செய்தேன், தம்பி. இதே பயத்தில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

முதலில் எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் பெரும்பாலும் கார்பல் டனல் என்கிற மணிக்கட்டு நரம்புக் கோளாறுதான். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநார்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. பெட்டிக்கு டேப் ஒட்டும் கைக்கருவியான டேப் கன்னை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்து இழுத்தால் உள்ளே வீக்கம் வரும், நரம்பு நசுங்கும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் ராத்திரியில் கூடும். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றேன். என் மனைவி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு வற்றிக் குழிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மரமரப்பு போனது, அந்தச் சதை முழுதாகத் திரும்பவில்லை. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், நசுங்கும் நரம்பை விடுவிக்காது.

நீங்கள் மூன்றாவது மாதத்திலேயே கேட்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். டாக்டரிடம் போங்கள். "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல் ஒரு ஷிப்டில் எத்தனை பெட்டி, எந்தக் கையால் இழுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அது பதிவாக வேண்டும். மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டை ராத்திரியில் போட்டுத் தூங்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் அது நிறையப் பேருக்கு உதவுகிறது.

சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, எந்த வேலையில் கூடுகிறது என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டுவதையே நாள் முழுக்கத் தராமல் இடையில் வேறு வேலை மாற்றித் தரும்படி கேளுங்கள். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நான் தாமதித்ததால், வலி வேலையில்தான் வந்தது என்று காட்ட என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இழப்பீடு கேட்டபோது, "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

இன்றைக்கே தேதியையும் மரக்கும் விரல்களையும் குறித்து வையுங்கள், தம்பி.