'சலே' எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

மெஹ்தி ஹசன் பாடிய, பாகிஸ்தானின் உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கஸல் ஒன்றை, மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் ஈரடியில் பூந்தோட்டம், இன்னொன்றில் கூண்டு, கடைசியில் தூக்குமரம். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. இதை எப்படி ஒரே கவிதை என்கிறார்கள்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

இந்தக் குறையை உருதுக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். கஸலைச் சீர்திருத்த வேண்டும் என்று 1893இலேயே எழுதினார் உருதுக் கவிஞர் ஹாலி. விமர்சகர் கலீமுத்தீன் அகமது ஒரு படி மேலே போய் 'அரைக் காட்டுமிராண்டி வடிவம்' என்றார். ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

கஸலில் ஒவ்வொரு ஷேரும், அதாவது ஈரடியும், தனிக்குடித்தனம். பொருள் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. ஷேர்தோறும் முடிவில் மாறாமல் திரும்பிவரும் சொல் ரதீஃப். அதற்கு முன்னால் ஒலியொத்து வருவது காஃபியா. நமக்கு எதுகை அடியின் தலையில், அவர்களுக்கு எல்லாம் வாலில். முஷாயிரா என்ற கவியரங்கில் கவிஞர் முதல் அடியைத் திருப்பிச் சொல்வார். அதற்குள் கூட்டம் காஃபியாவை ஊகிக்க ஆரம்பித்துவிடும்.

நீங்கள் கேட்டதில் ரதீஃப் 'சலே'. செல்வது, நடப்பது என்று பொருள். நௌபஹார் சலே, காரோபார் சலே, ஸிக்ர்-ஏ-யார் சலே, ஸூ-ஏ-தார் சலே. இந்த ஒரு சொல்லின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். இளவேனில் காற்று வீசுகிறது. நீ வந்தால் தோட்டத்தின் காரோபார், அதாவது அலுவல், நடக்கும் (நம் பழைய 'காருபார்' இதே சொல்தான்). கூண்டு வாடிக் கிடக்கிறது, எங்காவது அன்புக்குரிய அந்த ஆளைப் பற்றிப் பேச்சு நடக்கட்டும். கடைசியில், அந்த ஆளின் தெருவை விட்டு வந்தபின் வழியில் எந்த இடமும் பிடிக்காமல் நேரே தூக்குமரத்துக்கு நடந்தோம். தமிழில் 'நட' எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது, காற்று மட்டும் நடக்க மாட்டேன் என்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பாளர் நான்கு வினைகளாக உடைத்திருப்பார். ஒட்டாமல் போனது அங்கேதான்.

அப்புறம் அந்தக் கூண்டு. மரபில் அது புல்புல் என்ற பாடும் பறவையின் கூண்டு, கேட்டுக் கேட்டுச் சலித்தது. ஆனால் ஃபைஸ் இதை எழுதியது 1954இல், பாகிஸ்தானின் மாண்ட்கோமரி சிறையில். அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தொடரப்பட்ட ராவல்பிண்டி சதி வழக்கில் 1951இல் கைதானவர். மரண தண்டனை வரலாம் என்ற பயம் தொடக்கத்தில் நிஜமாகவே இருந்தது. இதையெல்லாம் சொல்லப் புதுச் சொல் ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை. நான் 'அந்த ஆள்' என்று சொன்ன 'யார்' என்றால் உருதுவில் நண்பரும் ஆகலாம், காதலியும் ஆகலாம். ஆணா பெண்ணா என்று தெரியாது. ஃபைஸின் தோழர்கள் அதைப் புரட்சி என்றே படித்தார்கள். அந்த 'யார்' யார் என்று ஃபைஸ் கஸலில் எங்கும் சொல்லவில்லை.