வார்சாவின் பழைய நகரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அலுவலக வேலையாகப் போலந்தின் தலைநகர் வார்சா போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பழைய நகரச் சதுக்கத்தில் மெய்மறந்து நின்றேன். மஞ்சளும் காவியுமாக ஒட்டி ஒட்டி நிற்கும் உயரமான வீடுகள், நடுவில் வாளேந்திய கடற்கன்னி. "எந்த நூற்றாண்டு?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "1953" என்றார். அதன்பிறகு எதைப் பார்த்தாலும் சினிமா செட்டில் நிற்பதுபோல இருந்தது. நீங்களும் அங்கே போனதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இந்த எரிச்சல் வரவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வந்தது. முதல் நாள் முழுக்க இருந்தது. மறுநாள் காலை அரண்மனைச் சுவரோரம் புல்லில் கிடந்த கிரானைட் தூணைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கியது. அரண்மனைச் சதுக்கத்தில் மன்னர் சிகிஸ்மண்டைத் தாங்கி நிற்பது புதுத் தூண். 1944-இல் உடைந்து விழுந்ததை அங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் அதன்மேல் குதிரை ஏறிக்கொண்டிருந்தான். ஏமாற்ற நினைப்பவர்கள் அதை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக 1944 ஆகஸ்ட் 1 அன்று நகரத்தில் தொடங்கிய எழுச்சி 63 நாள் தாக்குப்பிடித்துத் தோற்றது. மக்களை வெளியேற்றிவிட்டு ஜெர்மானியப் படைகள் தெருத்தெருவாகத் தீ வைத்தன, சுவர்களில் துளையிட்டு வெடி வைத்தன. 1945 ஜனவரியில் சோவியத் படை நுழைந்தபோது நகரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அழிந்திருந்தது.

கட்டுவதற்கு எதைப் பார்த்தார்கள்? போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்கள் தப்பியிருந்தன. அவற்றோடு, அரசவைக்காக பெல்லோட்டோ என்ற வெனிஸ்காரர் 18ஆம் நூற்றாண்டில் வரைந்த 20-க்கும் மேற்பட்ட நகரக் காட்சிகள். ஜன்னல் விளிம்புவரை நுணுக்கமாக வரைந்தவர்தான், ஆனால் அழகுக்காக அங்கங்கே கைவைக்கவும் தயங்காதவர். செங்கலுக்கு, அதுவரை ஜெர்மனியிடம் இருந்த வ்ரோட்ஸ்வாஃப் போன்ற ஊர்களின் சுவர்களைப் பிரித்து ரயிலில் ஏற்றினார்கள். தலைநகரை எழுப்ப இன்னோர் ஊர் மொட்டையானது. இதைச் சுற்றுலாக் கையேடுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1939-இல் இருந்ததை அப்படியே எழுப்பவும் இல்லை. வீடுகளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்ற கட்டடங்களை விட்டுவிட்டு அங்கே முற்றம் வைத்தார்கள். பேராலயத்தின் 19ஆம் நூற்றாண்டு முகப்பைத் திரும்பக் கட்டாமல், பழைய கோதிக் முகம் இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து ஒன்றைக் கட்டினார்கள். ஆக, நீங்கள் பார்த்தது அவர்கள் ஆசைப்பட்ட நகரம். 1980-இல் யுனெஸ்கோ அந்த மறுகட்டுமானத்தையே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனக்குச் சங்கடமாக இருந்தது வேறோர் இடத்தில். சதுக்கத்திலிருந்து மேற்கே இருபது நிமிடம் நடந்தால் முரானூஃப். போருக்கு முன் யூதர்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி, பிறகு நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ. அங்கே யூதர்கள் நடத்திய 1943 எழுச்சிக்குப்பின் நாஜிகள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அள்ளி மாளாத இடிபாடு. கட்டடக்கலைஞர் லாஹெர்ட் அந்தக் குவியலின் மேலேயே குடியிருப்புகளை வடிவமைத்தார். இடிபாட்டை நொறுக்கி சிமெண்டோடு கலந்து செய்த கற்கள்தான் சுவர். அந்தச் செங்கல் சிவப்பு தெரியும்படி பூசாமல் விட வேண்டும் என்பது அவர் எண்ணம். இருண்டு கிடக்கிறது என்று பிறகு வெள்ளைப் பூச்சு பூசிவிட்டார்கள்.

தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குப் படியேற வேண்டியிருக்கிறது. சாதாரணப் படி என்றுதான் முதலில் நினைத்தேன். உருளைக்கிழங்குப் பையோடு ஒரு பாட்டி ஏறினார், பாதியில் நின்று பையைக் கை மாற்றினார், மறுபடி ஏறினார். அவர் காலுக்கடியில் இருந்தது மேடு அல்ல, தெருக்கள் என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

அந்தத் தெருக்களை ஓவியம் பார்த்து யாரும் திரும்பக் கட்டவில்லை. வாங்கி விற்று மூச்சுமுட்ட இருந்த நலேஃப்கி கடைத்தெரு அநேகமாக வரைபடத்திலிருந்தே போய்விட்டது. க்ராஷின்ஸ்கி பூங்காவை ஒட்டி அதன் சிறு துண்டு மட்டும் மிச்சம், இப்போது வேறு பெயரில். அடுத்தமுறை போனால் பாருங்கள். கல் பாவிய தரை, அதில் பதிந்த பழைய டிராம் தண்டவாளம். கொஞ்ச தூரம் ஓடி அப்படியே நின்றுவிடுகிறது.